தோல் சுற்றின ஒயரும் கௌஸ் பாய் வேலையும்

காரில் டேப் ரெக்கார்டர் மாட்டுகிற தொழிலில் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அந்த வேலை ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம். ஊசி போடுகிற டாக்டரிடம் போய் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் குத்துங்கள் என்று யாராவது சொல்வார்களா? டெய்லரிடம்கூட அளவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கால் இரண்டையும் ரோட்டில் நீட்டிக்கொண்டு ஒருவன் மல்லாந்து கிடக்கிறான் என்றால் மட்டும் போகிற வருகிற அத்தனை பேருக்கும் யோசனை பொத்துக்கொண்டு வரும். ரேடியோ ரிப்பேரோ, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறதோ, வாட்ச் கடையோ, எது வைத்திருந்தவராக இருந்தாலும் இதைப் படிக்கும்போது உங்களுக்கும் பல் நறநறவென்று கடிபடும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. ஹார்ன், செல்ஃப், டைனமோ எல்லாம் பார்ப்பேன் என்றாலும், கேசட் டெக் மாட்டுகிற தேவராஜு என்றுதான் பெயர். எதிரே டீக்கடை. சாயந்திரம் ஆனால் அந்த டீக்கடை பெஞ்சில் சம்பத் வந்து உட்காருவார். தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் ஸ்டோர் கிளார்க். வீட்டில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்வார், கிழிந்த ஸ்பீக்கருக்குக் காகிதம் ஒட்டுவார், மெட்ராஸ் போனால் பை நிறைய சாமான் வாங்கி வருவார். பொழுதுபோக்கு. இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் நானே போய்க் கைதட்டியிருப்பேன். அவரோ என் கடைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் ஓசியில் யோசனை சொன்னார். அந்த ஓசி யோசனையில் கடைசியில் ஒரு நல்ல டிரைவருடைய வேலையே போனது. டிரைவர் பெயர் கௌஸ் பாய், என் தோஸ்த். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஈயத்தாள்

முதலில் ஒரு சின்ன விஷயம், சம்பத் எப்படிப்பட்டவர் என்று தெரிவதற்காக. குடியாத்தத்திலிருந்து லுங்கிக் கட்டு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேன்காரர் ஒருவருக்கு டெக் மாட்டிக் கொடுத்திருந்தேன். மறு வாரமே வந்து நின்றார். ஃபியூஸ் சும்மா சும்மா போகிறதாம். ஃபியூஸ் போனால் எங்கேயோ ஒயர் நசுங்குகிறது என்று அர்த்தம், வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன். மனிதர் டீ குடிக்கத்தான் போனார். போன இடத்தில் சம்பத் இருந்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே பளபளவென்று ஈயத்தாள், அதை உருட்டி ஃபியூஸ் இருக்கிற இடத்தில் சொருகிவிட்டால் ஜென்மத்துக்கும் போகாது என்று சொல்லி, சிகரெட் பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேன்காரர் என்னிடம் சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபியூஸ் போகவில்லை, வாஸ்தவம்தான். அதற்குப் பதில் டேஷ்போர்டு போனது. மாதனூர் தாண்டும்போது புகை கிளம்பி, ரோட்டோரத்து ஆட்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். முன்சீட்டில் வைத்திருந்த லுங்கிக் கட்டு ஒன்று கருகிவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினார். டீக்கடை வாசலில் இல்லை, கவனியுங்கள், என் கடை வாசலில். நாற்பது பேர் பார்க்க என்னைக் கேட்டார்: “ஃபியூஸ்தான் போகவே இல்லியே, அப்புறம் இன்னாத்துக்குப்பா புகை வந்துச்சு?”

பயான் மட்டும் கேட்கிற டெக்

சம்பத் வேலை பார்த்த தோல் ஷாப்பின் முதலாளியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். அவரிடம் ஒரு கறுப்பு அம்பாசிடர் இருந்தது. அதைத்தான் கௌஸ் பாய் ஓட்டினார். தோல் ஷாப் என்றால் தெரியுமல்லவா, சுண்ணாம்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தோலிலிருந்து வழிக்கிற சவ்வும் தரையெல்லாம் கிடக்கும். ஹாஜியார் தொட்டித் தொட்டியாக நின்று பார்த்துவிட்டு அதே ஷூவோடு காரில் ஏறுவார். அந்த நாற்றம் வீட்டுக்குப் போகக்கூடாது என்று, சாயந்திரம் அவரை இறக்கிவிட்டதும் கௌஸ் பாய் வாளியில் தண்ணீர் எடுத்து காரை வெளியில் மட்டுமல்ல, உள்ளேயும் கழுவுவார். கதவு நான்கையும் திறந்து வைத்து, கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் அடித்துத் தேய்ப்பார். ஆம்பூரில் எத்தனையோ தோல் ஷாப் கார்களில் நான் தலையை விட்டிருக்கிறேன். வாந்தி வராமல் வேலை செய்தது அந்த ஒரு காரில்தான்.

ஹாஜியாரின் மாப்பிள்ளை ஜித்தாவிலிருந்து ஜப்பான் டெக் ஒன்று கொண்டுவந்தார். அதை மாட்ட கார் என்னிடம் வந்தது. ஒயருக்கெல்லாம் தனி ஃபியூஸ் வைத்து, ஜாயின்ட் இல்லாமல் இழுத்து, ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். ஸ்பீக்கரைச் சோதிக்க நான் ஒரு சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டபோது கௌஸ் பாய் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பாட்டு என்றால் உயிர். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பிற்பாடு அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. ஹாஜியாருக்குப் பாட்டு ஆகாது. பயான் என்கிற மார்க்கப் பேச்சு கேசட்டுகள்தான் கேட்பார். காரை எடுக்க வந்தவர் டெக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பாட்டு கீட்டு எல்லாம் இதுல வரவே கூடாது தேவராஜு, பயான் மட்டும் கேக்கற மாதிரி செஞ்சு குடு.”

பூஸ்டர்

பயான் நன்றாகத்தான் கேட்டது. சம்பத்துக்குத்தான் கேட்கவில்லை. பின்சீட்டில் உட்காருகிற முதலாளிக்கு சவுண்டு கம்மி, டிக்கியில் ஒரு பூஸ்டர் வைத்தால் மைதானத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும் என்று ஹாஜியாரிடம் ஓதியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாப்பிலேயே வைத்து, தானே செய்த பூஸ்டரைத் தானே மாட்டினார். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் காரின் தரையோடு தரையாக ஒயர் ஓடவேண்டும். கையிலிருந்த ஒயர் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறார். ஒட்டின மேல் இன்சுலேஷன் டேப் சுற்றவேண்டும். அதுதான் உலகம் முழுக்க வழக்கம். சம்பத் ஸ்டோரிலிருந்து தோல் துண்டு எடுத்துச் சுற்றி, மெழுகு நூலால் கட்டிவிட்டார். அதன் மேல் புதிதாக ரப்பர் மேட் போட்டு, ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி ஒட்டியும் விட்டார்கள்.

மறுநாள் சாயந்திரம் அதே மாதிரி ஒரு துண்டு ஒயரில் தோல் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டு ஓடுகிற ஒயருக்குத் தோல் சுற்றுகிறவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை, உடனே பிரித்து டேப் சுற்றுங்கள் என்று கத்தினேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்குக் கோபமே வராது, நமக்குத்தான் வரும். சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்: “வட ஆற்காடு ஜில்லா வெயிலுக்கு உன் டேப்பு பிசுபிசுன்னு உருகிடும் தேவா. தோலு உருகுமா? மாடு உருகி நீ பாத்திருக்கியா?”

சுண்ணாம்புக் கை

பூஸ்டர் மாட்டின கொஞ்ச நாளில் ஒரு காலை, ஹாஜியார் கிளம்பி வந்து காரில் உட்கார்ந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் ஷாப். தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் அப்படியே ஓடிவந்து தள்ளினார்கள். கார் கிளம்பியது. கறுப்புக் காரின் டிக்கி முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கை. அந்தக் கோலத்தோடு ஹாஜியார் பஜார் வழியாகப் போனார். கடைக்காரர்கள் சலாம் வைத்துவிட்டு, கார் தாண்டினதும் சிரித்தார்கள். நானே பார்த்தேன்.

அன்றைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. சில நாள் நன்றாக எடுக்கும், சில நாள் செத்துக் கிடக்கும். மழைக்காலம் ஆரம்பித்ததும் தள்ளுகிறது ஜாஸ்தி ஆனது. கௌஸ் பாய் முகம் சுண்டிப்போனது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் முதலாளி மனம் கோணாமல் நடப்பது. அதனால் காரை முன்னைவிட நன்றாகக் கழுவ ஆரம்பித்தார். சாயந்திரம் ஒரு வாளி ஊற்றினவர் இரண்டு வாளி ஊற்றினார். மேட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஹாஜியார் சம்பத்தைக் கூப்பிட்டு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இது ஏன் இப்படி என்று கேட்டார். தன் ஒயரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கலாம் அல்லவா? மாட்டார். பூஸ்டரில் பழுது இல்லை, ஒயரில் பழுது இல்லை, தோல் சுற்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கௌஸ் பாய் நிற்கும்போதே அவர் தலையில் கல்லைப் போட்டார்: “பேட்டரி தானா எறங்காது முதலாளி. நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது யாராவது உக்காந்து பாட்டுக் கேட்டாத்தான் எறங்கும்.”

ஒட்டின மேட்

கௌஸ் பாய் காரை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. முதலாளி கடைசித் தடவை மன்னித்திருக்கிறாராம், இன்னொரு நாள் கார் நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானாம். மூத்த மகளுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் இவர் வீட்டில் பெண் கேட்டதே ஹாஜியார் வீட்டு டிரைவர் என்பதற்காகத்தான். டெக்கை நான் தொட்டதே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சொல்லவே தேவையில்லை. பாட்டு வேண்டும் என்றால் அவர் என் கடைக்கு வருவார், முதலாளி காரில் கேட்கிற ஆள் இல்லை.

பேட்டரி, டைனமோ, நான் இழுத்த ஒயர் எல்லாம் சோதித்தேன், நன்றாக இருந்தது. எல்லா சுவிட்சையும் அணைத்து, கரண்டு எங்கேயாவது கசிகிறதா என்று அம்மீட்டர் வைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்துபோட்டு வெயிலில் நின்றிருந்த கார், முள் அசையவே இல்லை. மிச்சம் இருந்தது மேட்டுக்கு அடியில் ஓடுகிற சம்பத்தின் ஒயர் ஒன்றுதான். மேட்டைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று கேட்க நானே ஷாப்புக்குப் போனேன். ஹாஜியார் கெட்டவர் இல்லை. டீ கொடுத்து உட்காரவைத்தார். ஆனால் சம்பத் பக்கத்திலேயே நின்றுகொண்டு, உள்ளே எல்லாம் பக்காவாகக் கவர் பண்ணியிருக்கிறது, பிரித்தால் மேட் கந்தலாகிவிடும் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உன் அம்மீட்டர் என்ன சொன்னது என்று ஹாஜியார் கேட்டார். ஒன்றும் காட்டவில்லை என்றுதானே நான் சொல்லமுடியும்? அவர் எழுந்துகொண்டார்: “மிஷினே ஒண்ணும் இல்லேன்னுது. உன் தோஸ்துக்காக என் காரைக் கிழிக்கணுமா தேவராஜு?”

நூறு வாட்

இந்த நேரத்தில் சம்பத் சும்மா இருந்தாரா என்றால், எங்கே இருந்தார்? ஏலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் ஜீப்பைக் கொண்டுவந்தார். ரிஃப்ளெக்டர் போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றேன். அதெல்லாம் எதற்கு, நூறு வாட் பல்பு போடுங்கள், பகல் மாதிரி இருக்கும் என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. அந்த ஒயர் நூறு வாட்டைத் தாங்காது என்று நான் தொண்டை கிழியச் சொன்னது ஜீப்காரர் காதில் ஏறவில்லை. யாரிடமோ போய் அந்தப் பல்பை மாட்டிக்கொண்டார். மலை ஏறும்போது, பனி இறங்குகிற நேரத்தில், வளைவில் சுவிட்சு உருகி இரண்டு விளக்கும் ஒன்றாகப் போய், முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். சம்பத்தைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எதிரே போய் சம்பத் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்: “இன்னா இருந்தாலும், அவிஞ்சு போறதுக்கு முன்னாடி வெளிச்சம் சூப்பரா இருந்துச்சுப்பா.”

புது டிரைவர்

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை கார் மறுபடி நின்றது. மெட்ராஸிலிருந்து எக்ஸ்போர்ட் பார்ட்டி வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் சுண்ணாம்புக் கைகள் வந்து காரைத் தள்ளின. மத்தியானம் கௌஸ் பாய் சாவியைக் கொடுத்துவிட்டு, தன்னுடைய துடைக்கிற துணியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். வாணியம்பாடி சம்பந்தம் நின்றுபோனது. ஊரில் அவருக்குப் ‘பாட்டு பாய்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குத் தோலை வழிக்கத் தெரிகிற மாதிரியே மனிதனை வழிக்கவும் தெரியும்.

இனிமேல்தான் கேளுங்கள். ஹாஜியாருக்கு வேண்டியவர் யாரோ சொல்லி ஒரு புது டிரைவர் வந்தான். சோம்பேறி. சீட்டில் கால் நீட்டித் தூங்குவான். காரைக் கழுவுகிற வழக்கமே கிடையாது, கண்ணாடியை மட்டும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவான். மழையும் விட்டது. கார் கும்மென்று கிளம்பியது. தினமும் கிளம்பியது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. நான் பாயைப் பற்றி வாயைத் திறந்தாலே, அப்படியானால் இப்போது ஏன் பேட்டரி இறங்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். பாய்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை, பதில்தான் வரவில்லை. டீ ஆற்றிக்கொண்டே டீக்கடைக்காரர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “நீயும்தான் அந்த ஆளுக்காக எவ்ளோ பேசுவ? வண்டியே சாட்சி சொல்லிடுச்சே.”

தரையில் ஓட்டை

அடுத்த வருஷம் ஹாஜியார் காரில் ஏறி உட்காரும்போது அவர் ஷூவின் குதிகால் காரின் தரைக்குள் இறங்கியது. தகடு துருப்பிடித்து அப்பளமாகப் போயிருந்தது. பட்டறைக்கு வந்தது கார். என் கடையை ஒட்டினாற்போல்தான் தகடு வேலை செய்கிற டிங்கர் பட்டறை. வெல்டிங் வைக்கவேண்டும் என்றால் மேட்டைப் பிரித்துத்தானே ஆகவேண்டும்? டிங்கர் உளியை விட்டு நெம்பிப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சம்பத்தின் ஒட்டு இருந்த இடத்தில்தான் ஓட்டை. தோல் ஊறி உப்பி, பிறகு காய்ந்துபோய் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நூலை அறுத்தால் உள்ளே செம்புக் கம்பியே தெரியவில்லை, பச்சைப் பசேலென்று களிம்பு.

வெல்டிங் வைக்கக்கூடாது என்று டிங்கரை நிறுத்திவிட்டு ஹாஜியாருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். கூடவே சம்பத்தும். காய்ந்திருந்த தோலை அப்படியே வைத்து, எல்லா சுவிட்சையும் அணைத்து, அம்மீட்டர் மாட்டினேன். முள் படுத்திருந்தது. ஒரு சொம்பு தண்ணீரை அந்தத் தோல்மேல் ஊற்றினேன். முள் எழுந்து நின்றது. பேட்டரியிலிருந்து கரண்டு தோல் வழியாகத் தகட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கார் காய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை, தண்ணீர் பட்டால் மறுநாள் வரைக்கும் சொட்டிச் சொட்டி பேட்டரியைக் குடித்துவிடும். பாய் கழுவின தண்ணீர் மேட்டின் ஓரத்தில் இறங்கி அந்தத் தோலில்தான் போய் நின்றிருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயந்து இரண்டாவது வாளி ஊற்றினாரே, அதுவும்தான்.

ஹாஜியார் குனிந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். ஆயுசு முழுக்கத் தோலோடு கிடந்தவர். இது பதம் முடிந்த தோல் இல்லை, உப்பும் ஆசிட்டும் போட்ட தொட்டியிலிருந்து அப்படியே எடுத்தது, கழுவக்கூட இல்லை என்று அவரே சொன்னார். சாதாரணத் தோலே தண்ணீர் குடிக்கும், இது உப்புக் குடித்த தோல். அவர் முகம் கறுத்தது. ஒரு மனிதனுடைய பிழைப்பும் அவன் மகள் கல்யாணமும் போயிருக்கிறது. நான் சம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. அவர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “ஐடியால தப்பே இல்ல முதலாளி, தோலு செலக்‌ஷன்லதான் தப்பு. அடுத்த தடவை ஷூ அப்பருக்குப் போற ஃபினிஷ்டு லெதரா போட்டுடலாம்.”

இரண்டாவது வாளி

கையில் ஸ்பேனர் இருந்தது. அதை நான் கீழே வைத்தேன் என்பதை என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய புண்ணியம் என்று நினைக்கிறேன். ஹாஜியார் சம்பத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, கௌஸை வரச் சொல், சாவியை என் கையாலேயே கொடுக்கிறேன் என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாய் அப்போது ராணிப்பேட்டைப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரி ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். இளைத்திருந்தார். ஒயர், தோல், தண்ணீர் எல்லாம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் சந்தோஷப்படுவார், நம் பெயர் வெளுத்தது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் புரியப் புரிய முகம் மாறிக்கொண்டே போனது. ஹாஜியார் கூப்பிடுகிறார் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்தக் காரில் ஏறினால் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் டெக்கைத்தான் பார்ப்பான், மகளுக்கு நின்ற கல்யாணம் நின்றதுதான் என்றார். அது கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். கோபமே இல்லை. தன் இரண்டு கையையும் விரித்து, தினமும் அந்தத் தரையைத் தேய்த்த கைகளை, புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “அப்போ நான் கழுவாம நாத்தமா வெச்சிருந்தா, இன்னிக்கும் வேலைல இருந்திருப்பேனா தேவா?”

அந்தக் கேள்விக்கு யாருக்காவது பதில் வேண்டும் என்றால், ரிடையர் ஆகிற வரைக்கும் அதே ஸ்டோரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதும் டீக்கடை பெஞ்சில் இருக்கிற சம்பத்தைக் கேளுங்கள், ஓசியிலேயே சொல்லுவார்.